கட்டாக்காலியும் கட்டுக்காலியும்

என் நோயின் முதல் அறிகுறி கருவாட்டு மணம்.

கண் விழித்தபோது ஒரு லொறியின் பின்தட்டில், முல்லைத்தீவுக் கருவாட்டு மூட்டைகளின் மேல் மல்லாந்து கிடந்தேன். மேலே கட்டியிருந்த படங்கில் மாரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் குசினிக்குள் முட்டைகூட வருவதில்லை. விரதம் முறிந்துவிட்டதே என்று பதறி எழும்பப் பார்த்தபோதுதான், முறிந்தது விரதம் மட்டுமல்ல என்று தெரிந்தது.

வலது தொடை நடுவில் மடிந்திருந்தது. அந்த இடத்தில் மடிப்பு இருக்கக்கூடாது என்ற அளவுக்கு எனக்கும் வைத்தியம் தெரியும். பாதம் வெளிப்பக்கம் திரும்பி, என்னோடு கோபித்துக்கொண்ட ஆளைப்போல் மூட்டைகளைப் பார்த்துக் கிடந்தது.

"அண்ணை, கதைச்சுக்கொண்டு இருங்கோ! நித்திரை கொண்டிடாதேங்கோ!" என்று முன்னாலிருந்து டிறைவர் கத்தினான்.

"என்னத்தைக் கதைக்க?"

"என்னத்தையெண்டாலும் கதையுங்கோ. என்னை ஏசிப் பேசுங்கோ அண்ணை!"

பேசினேன். அவனையும் அவன் லொறியையும் அவனுக்கு ஓட்டப் பழக்கியவனையும், கிளிநொச்சி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வாய் ஓயாமல் பேசினேன். பேச்சு வாங்கவேண்டிய ஆள் அவனில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

தொடை முறிந்து, காலைக் கட்டித் தூக்கிய கட்டிலில் கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிடக்கிற மூன்று மாதத்தில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். மாடு வைத்திருப்பவர்கள், கால் இரண்டும் சுகமாக இருந்தாலும், தயவுசெய்து வாசிக்கவும்.

நான் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைப்பவன். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த குடும்பம். எங்கள் பகுதி கிராம முன்னேற்றச் சங்கத்துக்கு நான் செயலாளர். எழுத்து வடிவாக இருந்ததால் பிடித்து இருத்திவிட்டார்கள். விதைப்பு முடிந்ததும் கட்டாக்காலிகளைப் பற்றி (கட்டாமல் விட்ட மாடுகளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்) அறிவித்தல் எழுதுவது என் வேலை. 'கண்டி வீதியில் மாடுகளை அலையவிடுவோர் மனித உயிரோடு விளையாடுகின்றனர்' என்று அந்த வருடம் எழுதியிருந்தேன். 'உயிரோடு' என்பதன் கீழே சிவப்பு மையால் கோடும் இழுத்திருந்தேன்.

மாரியில் எங்கள் பக்கம் எல்லாம் சேறு. உயரமாகவும் காய்ந்தும் கிடப்பது வீதி ஒன்றுதான். பகல் வெயில் சிறிது பட்டாலும் தார் பொழுது படும்வரை சூட்டை வைத்திருக்கும், நுளம்பும் குறைவு. மாடுகள் அங்கேதான் போய்ப் படுக்கும். படுக்க வேண்டாம் என்று அறிவித்தல் ஒட்டலாம். மாடு வாசிக்காது.

மாட்டின் கழுத்தில் மணி இருந்தால் சைக்கிளில் வருபவனுக்குக் கேட்கும். ஆனால் அதே மணி, மாடு பக்கத்து வயலில் இறங்கினால் பக்கத்து வயல்காரனுக்கும் கேட்கும். மணிச் சத்தத்தை வைத்தே யாருடைய மாடு என்று சொல்லிவிடுவார்கள். அதனால் பயிர் முளைக்கும் காலத்தில் எங்கள் ஆட்கள் ஒரு கெட்டித்தனம் செய்வோம். மாட்டைக் கட்டுவதற்குப் பதிலாக மணியைக் கழற்றுவோம். மணியில்லாத மாடு யாருடைய மாடும் இல்லை.

எங்கள் சிவலைப் பசுவின் மணியை நானே கழற்றி, அலுமாரிக்குள், சங்கத்து அறிவித்தல் கட்டின் மேல் வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பரந்தனிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பொழுது மங்கி, தூறல் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு முன்னால் ஒரு மதகு இருக்கிறது. பின்னால் லொறி வரும் சத்தம் கேட்டது, ஓரத்துக்கு எடுத்தேன். லொறியின் வெளிச்சம் என்னைத் தாண்டி விழுந்த இடத்தில், வீதி நடுவில், ஒரு சிவப்புப் பசு பின்னங்கால்களை முதலில் ஊன்றி ஆறுதலாக எழும்பியது. இடது கொம்பு கீழே வளைந்த பசு. அந்தக் கொம்பை எனக்கு அதன் கன்றுக் காலத்திலிருந்து தெரியும்.

டிறைவர் லொறியை ஓரத்துக்கு வெட்டி எடுத்தான். லொறியின் பக்கப் பலகை சைக்கிளைத் தட்டியது. என்னை மைல்கட்டை ஏந்திக்கொண்டது. சிவலை பற்றைக்குள் இறங்கிப் போய்விட்டது. அவன் இறங்கி ஓடி வந்து, "அண்ணை, மாடு… மாடு நிண்டது அண்ணை" என்றது கேட்டது. அதன்பிறகு நோவில் மயங்கியிருக்கிறேன். அடுத்தது கருவாடு.

கிளிநொச்சியில் காலைப் பலகையோடு சேர்த்துக் கட்டி, யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டர் எக்ஸ்ரே படத்தை யன்னலுக்கு நேரே பிடித்தார். தொடை எலும்பு இரண்டாகி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது.

"தொடைத் தசை பொல்லாதது," என்றார். "முறிஞ்ச ரண்டு துண்டையும் இழுத்து ஒண்டுக்குமேல ஒண்டு ஏத்திப்போடும். நாங்கள் அதுக்கு எதிராய் இழுக்கவேணும்."

அதற்குப் பெயர் இழுவைக் கட்டு. முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஊடாக ஓர் உருக்குக் கம்பியைச் செலுத்தி, அதில் கயிறு கட்டி, கயிற்றை உருளையின் மேல் விட்டு, முனையில் பாரம் தொங்கவிடுவார்கள். கட்டிலின் கால்மாட்டைக் கட்டை வைத்து உயர்த்துவார்கள். நீங்கள் தலைப்பக்கம் வழுகுவீர்கள். பாரம் காலை மறுபக்கம் இழுக்கும். பன்னிரண்டு கிழமை, அதாவது மூன்று மாதம், இப்படி.

பக்கத்துக் கட்டிலில் கந்தையா அண்ணை கிடந்தார். கள்ளுச் சீவுகிறவர், பனையால் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். டிறைவர் சொன்ன மாட்டுக் கதை வாட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதைக் கேட்டுவிட்டு அவர் என் காலைப் பார்த்தார்.

"கட்டாக்காலியால வந்தவன் கட்டுக்காலியாய்க் கிடக்கிறான்," என்றார்.

அன்றிலிருந்து அந்த வாட்டில் என் பெயர் கட்டுக்காலி. சாப்பாடு கொண்டுவருகிறவர்கூட "கட்டுக்காலிக்குச் சோறோ, பாணோ?" என்றுதான் கேட்பார்.

நான்காம் நாள் பொலிஸ் சார்ஜன்ற் ஒருவர் வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"டிறைவர் மாடு நிண்டதெண்டு சொல்லுறான். வேற ஒருத்தரும் மாட்டைக் காணேல்லை. அவன் குடிவெறியில ஓடினவன் எண்டும் ஊரில கதை. நீர் மாட்டைக் கண்டனீரோ?"

இந்த இடத்தில்தான் நான் பிழைவிட்டேன். மற்றவர்களைச் சிரிக்கவைப்பது என் பழக்கம். என்னைப் பார்த்து நானே முதலில் சிரிப்பேன். ஆனால் எப்போது சிரிப்பது என்பதை நான்தான் தீர்மானிக்கவேண்டும். செயலாளரின் மாடு, செயலாளரின் வீட்டு வாசலில், செயலாளரையே விழுத்தியது என்ற கதை கிளிநொச்சிச் சந்தைக்குப் போனால், ஒரு வருடத்துக்கு வேறு கதை தேவைப்படாது.

"ஞாபகம் இல்லை ஐயா," என்றேன்.

"ஒண்டுமே ஞாபகம் இல்லையோ?"

"மைல்கட்டை ஞாபகம் இருக்கு."

அவர் எழுதிக்கொண்டு போனார். ஒரு மணித்தியாலத்தில் டொக்டர் வந்து நின்றார்.

"உமக்கு நடந்தது ஞாபகம் இல்லையாம். அதை எனக்கேன் முதலே சொல்லேல்லை?"

தலையில் உள்ளடி பட்டால் இப்படி மறதி வருமாம். மண்டைக்குள் இரத்தம் கசிந்தாலும் வருமாம். மணித்தியாலத்துக்கு ஒருமுறை மிஸ்ஸி (வாட்டுத் தாதி) வந்து கண்ணுக்குள் ரோச் அடித்தா. இன்று என்ன கிழமை, மனைவியின் பெயர் என்ன, இருபதிலிருந்து பின்னுக்கு எண்ணும் என்றா. அதைவிட மோசம், நோவுக்குப் போட்ட மோபின் ஊசியை நிறுத்திவிட்டார்கள். தலையில் அடிபட்டவனுக்கு அது போடக்கூடாது. அது கண்மணியைச் சுருக்கிவிடும், மண்டைக்குள் நடப்பது தெரியாது போய்விடும்.

மூன்று நாள் ஊசி இல்லை. தொடைத் தசை துடித்து இழுக்கும்போதெல்லாம் முறிந்த முனைகள் ஒன்றையொன்று உரசுவது எனக்குக் கேட்பதுபோல் இருந்தது. "மாட்டைக் கண்டனான்" என்று ஒரு சொல் சொன்னால் ஊசி வரும். நான் சொல்லவில்லை. இருபதிலிருந்து பின்னுக்கு எண்ணினேன்.

"நோகுதோ கட்டுக்காலி?" என்று கந்தையா அண்ணை கேட்டார்.

"உயிர் போகுது அண்ணை."

"நோகட்டும். நோகிற கால் உன்ர கால். என்ர ரண்டும் ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரிக் கிடக்கு. ஆரும் எடுத்துக்கொண்டு போனாலும் எனக்குத் தெரியாது."

மூன்றாம் கிழமை டிறைவர் வந்தான். அப்போதுதான் அவன் பெயர் மரியதாஸ் என்று அறிந்தேன். ஒரு பையில் தோடம்பழம் கொண்டுவந்திருந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்று, கயிற்றையும் பாரத்தையும் கண்ணால் அளந்துவிட்டு, என் பாதத்தைத் தொட்டான்.

"குளிர்ந்து கிடக்கே அண்ணை." உள்ளங்காலை இரண்டு கையாலும் தேய்க்கத் தொடங்கினான்.

லைசென்சைப் பொலிஸ் எடுத்து வைத்திருந்தது. எனக்கு ஞாபகம் திரும்பினால்தான் வழக்கைப் பேசலாம் என்று தவணை போட்டிருந்தார்கள். முதலாளி லொறியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

"இப்ப என்ன செய்யிறீர் தம்பி?"

"அண்ணரோட கடலுக்குப் போறன்." கொஞ்ச நேரம் பாதத்தைத் தேய்த்தான். "எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது அண்ணை. சின்னனிலயிருந்தே, வள்ளம் ஆடினா சத்தி, திண்டதெல்லாம் வெளிய வரும். எங்கட ஆக்களுக்கு நான் ஒரு பகிடி. அதுக்காண்டித்தான் லொறி பழகினனான். இப்ப மாரிக் கடல். போன கிழமை வலை இழுக்கேக்க தலை சுத்தி விழுந்திட்டன். அண்ணர் தலைமயிரில பிடிச்சுத் தூக்கினவர்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"அண்ணை, மாட்டை நீங்கள் கண்டனீங்களோ?"

"ஞாபகம் வரேல்லை தம்பி."

"பரவாயில்லை அண்ணை. வந்தாச் சொல்லுங்கோ." பாதத்தைப் போர்வையால் மூடிவிட்டுப் போனான்.

அடுத்த கிழமை எனக்குக் காய்ச்சல் தொடங்கியது. கம்பி ஏற்றிய துளையில் சீழ் பிடித்திருந்தது. நான் நித்திரை என்று நினைத்து, டொக்டர் என் மனைவி பாக்கியத்திடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "சீழ் எலும்புக்குள்ள இறங்கினால் காலை எடுக்கவேண்டி வரலாம். பெனிசிலின் போடுறம். பாப்பம்."

கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் பார்த்தேன். உழும்போது சேற்றில் மாடுகளுக்கு எட்டுக் கால், எனக்கு இரண்டு. ஒன்று குறைந்தால் மிச்ச ஒன்பதும் என்ன செய்யும்? இந்தப் பகிடியைச் சொல்ல ஒருவரும் இல்லை. மனம் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. என் காலும் மரியதாசின் லைசென்சும் அந்த ஒரே கயிற்றில் தொங்கின. ஒன்றை டொக்டர் பார்த்துக்கொள்வார். மற்றதற்கு என்னைவிட வேறு வைத்தியர் இல்லை.

ஒன்பது நாளில் காய்ச்சல் இறங்கியது. கம்பியை வேறு இடத்தில் மாற்றி ஏற்றினார்கள். பாக்கியம் கதிரையில் இருந்து மரியதாசின் தோடம்பழத்தில் கடைசி ஒன்றை உரித்துக்கொண்டிருந்தா.

"சிவலையின்ர வளைஞ்ச கொம்பில பச்சைப் பெயின்ற் ஒட்டியிருக்கு," என்றா, பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த லொறி பச்சை.

"எப்ப கண்டனீர்?"

"அடுத்த நாள் விடியவே கண்டனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். பிறகு காய்ச்சல் வந்திட்டுது." ஒரு சுளையைப் பிரித்து என் கையில் வைத்தா. "அதைச் சுரண்டேல்லை. நீங்கள் வந்து பாருங்கோ எண்டு அப்பிடியே விட்டிருக்கிறன்."

சுளை வாய்க்குள் போகவில்லை. அந்தப் பெடியன் கடலில் சத்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது அவன் வாங்கிவந்த பழத்தை நாங்கள் முடித்திருந்தோம்.

மறுநாள் காலை டொக்டர் வந்ததும், "ஐயா, மறதி மாறிட்டுது," என்றேன்.

"எந்த மருந்தில?"

"பச்சைப் பெயின்றில."

அவர் பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். முழுவதையும் சொன்னேன், அலுமாரிக்குள் இருக்கிற மணி வரைக்கும். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப அந்த மூண்டு நாளும் ஊசி இல்லாமல் கிடந்தது சும்மாவோ?"

"ஓம் ஐயா."

"பாவம் எண்டு சொல்லமாட்டன்." என் சீட்டில் 'மறதி' என்று எழுதியிருந்ததை வெட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வாசகர்களுக்கு இதில் ஒரு புத்தி உண்டு. நோய்க்காரன் சொல்வதைத்தான் வைத்தியர் நோயாக எடுத்துக்கொள்வார். பொய் சொன்னால் பொய்க்கும் சேர்த்து வைத்தியம் நடக்கும்.

சார்ஜன்ற் மறுபடியும் வந்து எழுதினார். கையெழுத்து வைத்தேன். அடுத்த கிழமை, எல்லாம் கேள்விப்பட்டு, மரியதாசும் வந்தான். அவன் அடித்தாலும் விலக முடியாத நிலையில் நான் கட்டப்பட்டிருந்தேன். அவன் அடிக்கவில்லை, பாதத்தையும் தொடவில்லை. அதே கதிரையில் இருந்தான்.

"முப்பத்தொரு நாள் கடலுக்குப் போனனான் அண்ணை," என்றான். "ஒவ்வொரு நாளும் மாதாவிட்ட கேட்டனான். அண்ணைக்கு ஞாபகம் திரும்பவேணும், அந்தாள் பாவம் எண்டு."

எழும்பிப் போய்விட்டான். அவன் போனபிறகு கந்தையா அண்ணை மறுபக்கம் பார்த்தபடி, "இப்ப நோகுதோ?" என்று மட்டும் கேட்டார்.

பத்தாம் கிழமை கந்தையா அண்ணை போய்ச் சேர்ந்தார். படுக்கைப் புண் (ஒரே பக்கமாய்க் கிடந்து தோல் அழுகுவது) ஆழமாகிக் காய்ச்சல் ஏறியது. அந்தப் புண் அவருக்குக் கடைசி வரைக்கும் நோகவில்லை. காலையில் அவர் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருந்தார்கள். கட்டுக்காலி என்று கூப்பிடுகிற ஆட்கள் மிச்சம் இருந்தார்கள். ஆனால் அன்று அந்தப் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் கிழமைப் படத்தில் முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாய் ஒரு திரட்சி தெரிந்தது. டொக்டர் அதைக் கலஸ் என்றார் (முறிவின்மேல் உடலே பூசிக்கொள்ளும் இளம் எலும்பு). கொல்லன்பட்டறைக்காரர் இரும்பை ஒட்டினால் இதைவிட வடிவாக இருக்கும். ஆனால் பிடித்துவிட்டது. கம்பியை எடுத்தார்கள். முழங்கால் மடிய மறுத்தது. என் தொடை என் கைபோல் மெலிந்திருந்தது. முதல்நாள் தரையில் ஊன்றியபோது வலதுகால் தரையைத் தேடியது. தரை ஒன்றரை அங்குலம் கீழே இருந்தது.

வழக்கு நாளில் கோட்டுக்கு ஊன்றுகட்டைகளோடு போனேன். சொன்னேன். சனம் சிரித்தது, ஒரு வருடம் அல்ல, இரண்டு வருடம் சிரித்தது. மரியதாசுக்கு லைசென்சும் பழைய லொறியும் திரும்பக் கிடைத்தன. சங்கத்தில் என் விலகல் கடிதத்தை நானே வாசித்தேன். வடிவான எழுத்து.

அலுமாரியைத் திறந்து மணியை எடுத்துச் சிவலையின் கழுத்தில் கட்டியதுதான் நான் வீட்டில் செய்த முதல் வேலை. வளைந்த கொம்பில் பச்சை அப்போதும் இருந்தது.

இப்போது என் வலது செருப்புக்கு ரயர் வெட்டி ஒன்றரை அங்குலம் உயர்த்தித் தைத்திருக்கிறார்கள். கையில் பூண் போட்ட தடி. தார் வீதியில் நான் நடந்தால் டொக், டொக் என்று கேட்கும். "நீங்கள் மதகுக்கு வாறது இஞ்ச கேக்குது," என்கிறா பாக்கியம். முன்பு மதகிலிருந்து வீட்டுக்கு அரைச் சுருட்டு நேரம். இப்போது ஒரு முழுச் சுருட்டு எரிந்து விரலைச் சுடும்.

பின்னேரங்களில் சிவலையைக் கொண்டுவர நானே போகிறேன். அதை எவ்வளவு கட்டினாலும் சில நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு வீதியில் போய்ப் படுத்திருக்கும். பச்சை லொறி சிலவேளை வரும். மரியதாஸ் ஹோன் அடிப்பதில்லை, கை காட்டுவதுமில்லை. மதகுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, மணிச் சத்தமும் தடிச் சத்தமும் ஓரமாகும் வரைக்கும் நின்று, பிறகு போவான்.

ஒருநாள் சிவலை எழும்ப மறுத்தது. நானும் இழுக்காமல் பக்கத்தில் நின்றேன். செருப்புகளைக் கழற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. வலதைக் கழற்றினால் விழுந்துவிடுவேன் என்பதால் இடதை மட்டும் கழற்றினேன். தார் இளஞ்சூடாக இருந்தது, யாரோ உள்ளங்காலைக் கையால் தேய்ப்பதுபோல. மாடு ஏன் இங்கே வந்து படுக்கிறது என்று அந்தக் காலுக்குத் தெரிந்துவிட்டது. மற்றக் காலுக்கு நான்தான் சொல்லவேண்டியிருந்தது.